மலையும் மீட்புக் கடனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேசுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் எண்ணினேன். ஆயினும், சில திங்களாக நம் சங்கத்துக்குள்ளேயே நடந்துவரும் வழக்கு ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. அது தாங்கள் அனைவரும் அறிந்ததே. நம் இளைஞர் பிரிவினர் இருபது பேர் வரும் மே மாதத்தில் உத்தரகாசிப் பக்கம் மலைநடை செல்ல விரும்பிச் சங்கத்தின் ஒப்புதலைக் கேட்டிருக்கின்றனர். பெரியோர் சிலர் ஒப்புதல் தர மறுக்கின்றனர். மறுப்பதோடு நில்லாமல், இத்தகைய ஆபத்தான விளையாட்டுகளை அரசாங்கமே சட்டம் செய்து தடுத்துவிட வேண்டும் என்றும் கூறுகின்றனர்.

“பொழுதுபோக்குக்காக ஒருவன் பனியில் போய் விழுவான். அவனைத் தூக்கிவர அரசாங்கம் ஹெலிகாப்டர் அனுப்ப வேண்டுமா? அது யார் வீட்டுப் பணம்?” என்று பொதுக்குழுவில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். இளைஞர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கது அன்று. வரிப்பணம் என்பது வயலில் உழுபவரும் ஆலையில் உழைப்பவரும் சிந்திய வியர்வை. அதிலிருந்து ஒரு காசு செலவாயினும் கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை. ஆகவே, அந்தக் கணக்கையே இன்று தங்கள் முன் வைத்து, தடை வேண்டுமா வேண்டாவா என்று சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

நாம் வாழும் ஊர்

இந்தக் கேள்வியைச் சென்னையிலோ மதுரையிலோ இருந்து கேட்பவர்க்கு அது செய்தித்தாள் செய்தி. டேராடூனில் வாழும் நமக்கு அது வாசலில் நிற்கும் செய்தி. நில அளவைத் துறையும், வன ஆராய்ச்சி நிலையமும், எண்ணெய்க் கழகமும், படைப்பயிற்சிக் கழகமும் நம் முன்னோரை இந்தப் பள்ளத்தாக்குக்கு அழைத்து வந்தன. வந்தவர்கள் வடக்கே நிமிர்ந்து பார்த்தால் மசூரி மலைத்தொடர் தெரியும். அதற்கப்பால் உறைபனி மலைகள். நம் பிள்ளைகள் அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். அவர்களிடம் மலையை ஏறிட்டும் பாராதே என்று கூறுவது, கடற்கரையில் பிறந்தவனிடம் நீரில் கால் வையாதே என்று கூறுவதை ஒக்கும்.

அதே சமயத்தில், அந்த மலைகளிலிருந்து திரும்பி வருவோரும் நம் ஊருக்கே வருகின்றனர். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், கர்நாடகத்திலிருந்து வந்த 22 பேர் கொண்ட குழு சகஸ்திர தால் என்னும் ஏரிக்குச் சென்று திரும்புகையில் பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் மாண்டனர். உயிர் பிழைத்தோரை ஹெலிகாப்டர்கள் கொண்டுவந்து இறக்கிய இடம் நம் ஊரின் சகஸ்திரதாரா தளம்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022 அக்டோபர் 4-ஆம் நாள், திரௌபதி கா டண்டா என்னும் சிகரத்தருகே பனிச்சரிவு நேர்ந்தது. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சிக் கழகத்தின் மாணவரும் ஆசிரியருமாக 29 பேரை அன்று இழந்தோம். அவர்களுள் ஒருவர், அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்டையும் மகாலுவையும் பதினாறு நாள் இடைவெளிக்குள் ஏறி முடித்த சவிதா கன்ஸ்வால் என்னும் உத்தரகாசிப் பெண்மணி. பயிற்சி இல்லாதவர் மட்டுமே மலையில் மடிகின்றனர் என்று இளைஞர்கள் கூறுவதுண்டு. அந்த நாளை எண்ணினால் அவ்வாறு கூற மனம் வாராது. தடை வேண்டும் என்போரின் அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

செலவு என்பது யாது?

செலவு என்றவுடன் நாம் ரூபாயையே நினைக்கின்றோம். எரிபொருள் எவ்வளவு, விமானியின் சம்பளம் எவ்வளவு என்று கேட்கின்றோம். உண்மையான செலவு அதனினும் பெரிது.

மலை உச்சியில் காற்று மெலிந்திருக்கும். காற்று மெலிந்தால் ஹெலிகாப்டரின் சுழலிக்குத் தூக்கும் ஆற்றல் குறையும். சமவெளியில் பலரைச் சுமக்கும் பொறி அங்கே ஒருவர் இருவரையே ஏற்றிக்கொள்ள இயலும். பிற்பகலில் பள்ளத்தாக்குகளில் காற்றும் மேகமும் எழும். ஆகவே, காலையில் வானம் திறந்திருக்கும் சில மணி நேரமே விமானிக்கு உரியது. அந்நேரம் தவறினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் துணிந்து பறக்க வேண்டும். பிறருக்காக அவர் துணிகின்றார்.

அத்துணிவின் விலையை நாம் கண்டிருக்கின்றோம். 2013 ஜூன் மாதம் கேதாரநாத்தில் வெள்ளம் புகுந்தபோது, விமானப்படையின் ஹெலிகாப்டர் ஒன்று மீட்புப் பணியினிடையே ஜூன் 25-ஆம் நாள் கௌரிகுண்டம் அருகே மலையில் மோதி வீழ்ந்தது. விமானப்படையினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினர் ஆகிய இருபது பேர் உயிர் நீத்தனர். இருபது வீடுகளில் விளக்கு அணைந்தது. அதனை எந்த ரூபாயால் அளப்பது?

எனக்கு இதில் சொந்தக் கடன் ஒன்று உண்டு. அதனை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், பெங்களூரில் பணிபுரியும் என் தங்கை மகன் தன் நண்பர்களோடு ஒரு கணவாயைக் கடக்க வந்தான். அக்டோபர் மாதக் கடைசி. என் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுப் புறப்பட்டான். “கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டாயா?” என்று கேட்டேன். உடன் சுமை தூக்க எத்தனை பேர் வருகின்றனர், அவர்களுக்குக் கம்பளிச் சட்டை உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மேலே பனி பெய்யத் தொடங்கியது. திரும்பிவிடலாம் என்று உள்ளூர்க்காரர் இருவர் கூறினர். நாளை வெயில் அடிக்கும் என்று குழுவினர் கூறினர். மறுநாள் வெயில் அடிக்கவில்லை. என் மருமகன் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்தது. திரும்பிவிடலாம் என்று கூறிய அதே இருவர் அவனை மாறி மாறி முதுகில் சுமந்து, இரண்டு நாள் நடந்து, கீழேயுள்ள புல்வெளிக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். அங்கிருந்து ஹெலிகாப்டர் அவனை எடுத்து வந்தது. அரசாங்கம் எங்களிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

ஆனால், சுமந்து வந்த இருவருள் ஒருவருக்குப் பனிக்கடியால் வலக்காலில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் பெயரில் காப்பீடு எதுவும் இல்லை. பனி உருகியபின் நானும் என் தங்கையும் அவர் ஊருக்குச் சென்றோம். கொண்டுசென்ற பணத்தை அவர் வாங்கிக்கொண்டார். பிறகு, “இனி என்னால் சுமை தூக்க இயலாது. கீழே எங்கேனும் காவல்காரர் வேலை கிடைக்குமா?” என்று கேட்டார். இன்று அவர் நம் ஊரில் ஓர் அடுக்கு வீட்டின் வாயிலில் காவல் இருக்கின்றார். நாமெல்லாம் பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்தோம். அவரோ பிழைப்பை இழந்து ஊரை விட்டு வந்தார்.

ஆகவே, மீட்புச் செலவு என்று யாரேனும் கூறும்போது எனக்கு ஹெலிகாப்டர் நினைவுக்கு வருவதில்லை. அந்த மூன்று விரல்களே நினைவுக்கு வருகின்றன.

தடைச் சட்டம் செய்தது என்ன?

இவ்வளவு கூறியபின், “அப்படியானால் தடை செய்துவிடுவதே முறை அன்றோ?” என்று தாங்கள் கேட்கலாம். இந்த மருந்தை உலகம் முன்பே அருந்திப் பார்த்திருக்கின்றது.

சுவிட்சர்லாந்தில் ஐகர் என்றொரு மலை உண்டு. அதன் வடக்கு முகம் செங்குத்தான சுவர். 1936-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதில் ஏறிய நான்கு இளைஞர் மாண்டனர். கடைசியாக உயிரோடு இருந்தவர் டோனி கூர்ட்ஸ் என்பவர். மலையைக் குடைந்து செல்லும் இரயில் பாதையின் சாளரம் வழியாக வழிகாட்டிகள் வெளியே வந்து, அவரை எட்டிவிடும் தொலைவு வரை சென்றனர். ஆயினும் கயிற்றில் தொங்கியபடியே அவர் உயிர் பிரிந்தது. அந்தச் சுவரில் மீட்புக்குச் செல்லுமாறு வழிகாட்டிகளைக் கட்டாயப்படுத்த இயலாது என்ற பேச்சு அக்காலத்தில் இருந்தது. இருந்தும் அவர்கள் சென்றார்கள். கூப்பிடும் குரல் கேட்டபின் வீட்டில் இருக்க அவர்களால் இயலவில்லை.

அதன்பின் பெர்ன் மாநில அரசு அந்தச் சுவரில் ஏறுவதைத் தடை செய்தது. என்ன ஆயிற்று? சுவரின் அடியில் நாள்தோறும் காவலரை நிறுத்தி வைப்பது எங்ஙனம்? தடை சில மாதங்களிலேயே நீக்கப்பட்டது. 1938 ஜூலையில் நால்வர் அந்தச் சுவரை ஏறி முடித்தனர்.

அதற்கும் முன்னர், 1865-இல் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதல் எட்டிய எழுவருள் நால்வர் இறங்குகையில் மாண்டனர். பின்னும் ஆல்ப்ஸ் மலைகளில் விபத்துகள் தொடரவே, மலையேற்றத்தைத் தாம் விரும்பவில்லை என்று வெளிப்படையாகக் கூறலாமா என 1882-இல் விக்டோரியா அரசியார் தம் தலைமை அமைச்சர் கிளாட்ஸ்டனிடம் கேட்பித்தார். அமைச்சர் அதற்கு உடன்படவில்லை. அரசியாராலேயே இயலாத காரியம் அது.

நம் மலைகளில் தடை எளிதாகுமா? எத்தனை பள்ளத்தாக்குகள்! எத்தனை கணவாய்கள்! தடை செய்தால் பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு, பகலில் செல்பவர் நின்றுவிடுவார். அடங்காதவர் நிற்கமாட்டார். பதிவு இன்றி, வழிகாட்டி இன்றி, யாரிடமும் கூறாமல் செல்வார். அவர் விபத்தில் சிக்கினால், தண்டனைக்கு அஞ்சி உடனிருப்பவரும் வாய் திறக்கமாட்டார். எந்தப் பள்ளத்தாக்கில் தேடுவது என்றே மீட்புப் படைக்குத் தெரியாது. தேடல் நீளும். செலவு பெருகும். சிக்கனம் கருதிச் செய்த சட்டம் செலவை வளர்த்துவிடும்.

எல்லாத் தடையும் தவறு என்று நான் கூறவில்லை. நந்தாதேவிச் சிகரத்தைச் சூழ்ந்த உட்பள்ளத்தாக்கை 1980-களின் தொடக்கத்தில் மலையேறுவோர்க்கு மூடினார்கள். அது அங்குள்ள செடி கொடிகளையும் விலங்குகளையும் காக்கச் செய்தது. பூட்டான் நாடு தன் சிகரங்களைத் தெய்வத்தின் இருப்பிடமாகக் கருதி, ஏறுவதை அறவே நிறுத்தியது. இமாசலப் பிரதேசத்தில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, மழைக்காலத்தில், பாராகிளைடிங் என்னும் வான் பறத்தலை நிறுத்தி வைக்கின்றனர். இவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு, எல்லையும் உண்டு. இடத்துக்கும் காலத்துக்கும் விதிக்கும் தடை வேறு. மனிதனின் ஆர்வத்துக்கே விதிக்கும் தடை வேறு.

நம் மாநிலத்து உயர்நீதிமன்றமும் 2018 ஜூன் மாதம் ஆற்றில் படகு செலுத்தும் விளையாட்டையும் வான் பறத்தலையும் நிறுத்துமாறு ஆணையிட்டது. ஆனால், தக்க விதிகளை வகுக்கும் வரையில் என்றே ஆணையிட்டது. விளையாட்டு குற்றம் என்று மன்றம் கூறவில்லை; விதி இல்லாத விளையாட்டே குற்றம் என்று கூறியதாக நான் அதனைப் பொருள் கொள்கின்றேன்.

யாத்திரை கற்பித்த பாடம்

இன்னொரு கோணத்திலும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இமயத்தில் உயிரைப் பணயம் வைத்து நடப்பவர் விளையாட்டு வீரர் மட்டும் அல்லர். அடியார்களும் நடக்கின்றனர். தமிழர்க்கு இது புதிது அன்று. அப்பரடிகள் கயிலையைக் காண வேண்டுமென்று வடக்கே நடந்து, கால் தேய்ந்தபின் கையால் ஊர்ந்து, அதுவும் இயலாமற்போய்க் கிடந்தார் என்று பெரிய புராணம் கூறுகின்றது. திரும்பிப் போ என்று முனிவர் வடிவில் வந்த இறைவன் கூறியும் அவர் திரும்பவில்லை. பின்னர் ஒரு தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். இமயத்தில் சிக்கிய தமிழரை மீட்ட முதல் நிகழ்ச்சி அதுவே என்று வேடிக்கையாகக் கூறலாம்! அப்பரடிகளுக்குத் தடாகம் கிடைத்தது. நமக்கு ஹெலிகாப்டர்தான் கிடைக்கும்.

1996 ஆகஸ்டு மாதம் அமரநாத யாத்திரையில் கடும்பனி பெய்து இருநூறுக்கும் மேற்பட்ட அடியார்கள் மாண்டனர். அரசாங்கம் யாத்திரையைத் தடை செய்ததா? இல்லை. நிதீஷ் சென்குப்தா தலைமையில் ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. பின்னாளில் யாத்திரையை நடத்த ஒரு வாரியம் ஏற்பட்டது. முன்பதிவும், உடல்நலச் சான்றும், வயது வரம்பும் வந்தன.

“அது பக்தி, இது விளையாட்டு. இரண்டையும் ஒப்பிடலாமா?” என்று கேட்பீர்கள். நோக்கம் வேறு என்பதை ஒப்புகின்றேன். ஆனால், பனியில் கிடப்பவனைத் தூக்கச் செல்லும் வீரன், நீ வழிபட வந்தாயா விளையாட வந்தாயா என்று கேட்டுவிட்டுத் தூக்குவதில்லை. அவன் கேட்காத கேள்வியைச் சட்டம் கேட்கத் தொடங்கினால், நாளை மீன்பிடிக்கச் சென்றவனையும், குடித்துவிட்டு வண்டி ஓட்டி விழுந்தவனையும் நோக்கி அதே கேள்வி எழும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று அரசாங்கக் கணக்கு கூறுகின்றது. அவர்களுள் பலர் தம் பிழையாலேயே மாண்டிருக்கக்கூடும். அதற்காக மருத்துவமனையின் கதவை நாம் அடைப்பதில்லை.

குரங்கணியில் நடந்தது

தாய்த் தமிழகத்திலும் இப்பாடம் பெருந்துயராய் வந்தது. 2018 மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலைநடை சென்றிருந்த குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆயினும், அவை வருமுன் தீயை நோக்கி மலையேறியவர்கள் அவ்வூர் மக்கள். எரிந்த உடல்களைப் போர்வையில் கிடத்தித் தோளில் சுமந்து இறக்கியவர்களும் அவர்களே. எந்த மலையிலும் முதல் மீட்புப் படை அந்த மலையின் மக்களே.

அன்று தமிழகம் முழுதும், மலைநடையையே ஒழித்துவிட வேண்டும் என்ற குரல் எழுந்தது. அத்துயரில் அந்தக் குரல் எழுந்தது இயல்பே. ஆனால், பின்னர் நடந்தது யாது? அதே ஆண்டில் மலைநடைக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வனத்துறையே முன்வந்து 40 பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவு முறையோடும் அவ்வூர்களைச் சேர்ந்த வழிகாட்டிகளோடும் மக்களுக்குத் திறந்தது. குரங்கணியும் அவற்றுள் ஒன்று. துயரம் நேர்ந்த இடத்தை முள்வேலியிட்டு மறைக்காமல், அங்கே வழிகாட்டியை நிறுத்தியது சிறந்த முடிவு என்றே கருதுகின்றேன். வேலி யாருக்கும் சோறு போடாது. வழிகாட்டியின் வேலை ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும்.

இங்கும் அதே நிலைமைதான். இந்த மலைகளில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் ஊர்கள் பல. நிலம் போதாமல், வேலை இல்லாமல் மக்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். எஞ்சியிருப்போர்க்கு மே மாதமும் அக்டோபர் மாதமும் மலைநடை செல்வோரால் வரும் வருவாயே ஆண்டு முழுமைக்கும் ஆதரவு. ஊர் பிரிந்து வாழ்வதன் வருத்தத்தை அறிந்த நாம், அவர்களையும் ஊர் பிரியச் செய்யும் சட்டத்தைக் கேட்கலாமா?

கடனை அடைக்கும் வழிகள்

எனினும், தடை வேண்டா என்று கூறிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடாது. நம் மூத்த உறுப்பினர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கின்றது. செலவு யாருடையது?

மூன்று நாடுகள் மூன்று வகையாக விடை கூறியிருக்கின்றன. 1956 டிசம்பரில் பிரான்சின் மோன் பிளான் மலையில் வேன்சாண்டோன், ஆன்றி என்னும் இரண்டு இளைஞர் சிக்கினர். அவர்களை மீட்கச் சென்ற ஹெலிகாப்டரும் அங்கே விழுந்தது. அதில் சென்றவர்களைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகி, இளைஞர் இருவரையும் கைவிட வேண்டியதாயிற்று. கீழேயிருந்து தொலைநோக்கியால் ஊரே அதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வெட்கம் நாட்டை உலுக்கியது. 1958 முதல் மலை மீட்பை அரசே தன் கடமையாக ஏற்றது. அங்கே மலையில் மீட்கப்படுபவர் பணம் செலுத்துவதில்லை.

சுவிட்சர்லாந்தின் வழி வேறு. அங்கே 1952-இல் தோன்றிய ரேகா என்னும் வான்வழி மீட்பு அமைப்பை மக்களே தாங்குகின்றனர். முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்தி அதன் புரவலராக இருக்கின்றனர். மலைக்குப் போகாதவரும் செலுத்துகின்றனர். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கவனமின்றி நடந்து சிக்கியவரிடம் செலவைக் கேட்கச் சட்டம் உண்டு. ஆண்டுக்கு 25 டாலர் முன்னரே செலுத்தி அட்டை பெற்றவர்க்கு அதில் விலக்கு உண்டு. அவரும் பொறுப்பற்ற துணிச்சலால் சிக்கினால் விலக்கு இல்லை.

மீட்கப்பட்டவரிடமே முழுச் செலவையும் வாங்கிவிடலாமே என்பார் உண்டு. அதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. பெருந்தொகை கட்ட நேரும் என்று அஞ்சுபவன், நண்பகலில் கேட்க வேண்டிய உதவியை நள்ளிரவில் கேட்பான். நடக்க இயலும் நிலையில் கேட்க வேண்டியதை, மயங்கி விழுந்தபின் கேட்பான். அப்போது மீட்கச் செல்பவரின் உயிருக்கும் ஆபத்து மிகும். ஆகவே, விபத்துக்குப் பின் தண்டத்தொகை வாங்குவதைக் காட்டிலும், புறப்படுமுன் சிறு தொகை வாங்குவதே சிறந்தது. புறப்படுமுன் செலுத்தும் பணம் ஒருவனை எண்ணிப் பார்க்க வைக்கின்றது. பின்னால் வரும் கட்டணம் அவனை ஒளிந்துகொள்ள வைக்கின்றது.

மீட்பு என்பது இலவசம் அன்று, அது கடன். நம்மைத் தேடி வருபவர் நமக்குக் கடன் தருகின்றார். சிலவேளை உயிரையே தருகின்றார். 2019-இல் நந்தாதேவி கிழக்குச் சிகரத்தருகே எண்மர் பனிச்சரிவில் மறைந்தபோது, இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையின் மலையேற்ற வீரர்கள் பல நாள் உழைத்து ஏழு உடல்களை மீட்டனர். 2024 அக்டோபரில் சௌகம்பா மலையில் அயல்நாட்டுப் பெண்கள் இருவர் உணவும் கூடாரமும் இழந்து மூன்று நாள் சிக்கியபோது, அதே மலையை ஏற வந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் தம் ஏற்றத்தை விட்டு அவர்களை அடைந்தனர். பிறகு விமானப்படை அவர்களை ஏற்றி வந்தது. சிகரத்தைத் துறந்து பிறர் உயிரைத் தேடிச் சென்ற அந்த அயலாரும் நமக்கு ஆசிரியர்களே. இக்கடனை ரூபாயால் முழுதும் தீர்க்க இயலாது. ஆயினும், கடன்பட்டோம் என்ற நினைவோடு நடக்க இயலும்.

மூன்று அதிகாரங்கள்

வள்ளுவர் அரசர்க்குக் கூறுகையில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். மலைக்குச் செல்பவர்க்கும் இம்மூன்றைக் காட்டிலும் சிறந்த சட்டம் உண்டென்று நான் எண்ணவில்லை. தன் உடல் எவ்வளவு தாங்கும், உடன் வருபவன் உடல் எவ்வளவு தாங்கும் என்று அறிவது வலியறிதல். எந்த மாதத்தில் செல்வது, எந்த மணிக்குத் திரும்புவது என்று அறிவது காலமறிதல். எந்தச் சரிவில் பனி நிற்கும், எந்தச் சரிவில் நழுவும் என்று அந்த மண்ணில் பிறந்தவனிடம் கேட்டு அறிவது இடனறிதல். என் மருமகனின் குழுவில் இம்மூன்றும் அறிந்தவர் இருவரே இருந்தனர். அவர்களுடைய சொல்லைத்தான் யாரும் கேட்கவில்லை.

என் வேண்டுகோள்

பெரியோர்களே, தங்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். ஒப்புதலை மறுக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டு மே மாதம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி என்னும் தமிழ்ப்பெண் எவரெஸ்டில் நின்றபோது, இந்த மண்டபத்தில் இனிப்பு வழங்கி மகிழ்ந்தோம். பிறர் வீட்டுப் பெண் ஏறினால் பெருமை, நம் வீட்டுப் பிள்ளை ஏறினால் குற்றம் என்று கூறுவது நடுவுநிலைமை ஆகாது.

தம்பியரே, தங்கையரே, உங்களுக்கும் வேண்டுகோள் உண்டு. செல்லுங்கள், கடனை முன்னரே எண்ணிக்கொண்டு செல்லுங்கள். உங்கள் பெயரையும் பாதையையும் திரும்பும் நாளையும் அரசு அலுவலகத்திலும் சங்கத்திலும் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு எடுக்கும் காப்பீட்டை உங்கள் சுமையைத் தூக்குபவர்க்கும் எடுங்கள். உங்கள் காலில் உள்ள காலணி எத்தகையதோ, அத்தகையது அவர் காலிலும் இருக்கின்றதா என்று புறப்படுமுன் குனிந்து பாருங்கள். திரும்பிவிடலாம் என்று உள்ளூர் வழிகாட்டி ஒருமுறை கூறினால், மறுமுறை அவரைக் கூறவைக்காதீர்கள். சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

செயற்குழுவினருக்கு ஒரு சிறு யோசனை. மலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு தொகையும், செல்லாத நாம் ஒவ்வொருவரும் அதில் பாதியும் செலுத்தி, சங்கத்தில் ஒரு நிதி தொடங்குவோம். காயமுற்ற வழிகாட்டிகளுக்கும் சுமை தூக்குவோர்க்கும் அதனைப் பயன்படுத்துவோம். முதல் தொகையை நான் இன்று செயலாளரிடம் கொடுத்திருக்கின்றேன். அது நன்கொடை அன்று. நான் திருப்பித் தர வேண்டிய கடனில் ஒரு தவணை.

அந்தக் காவல்காரரை இன்றைய விழாவுக்கு அழைத்தேன். இரவுக் காவலுக்கு ஆள் மாற்ற இயலவில்லை, அடுத்த ஆண்டு வருகின்றேன் என்றார். அடுத்த ஆண்டு விழாவில் அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது, நம் இருபது இளைஞரும், அவர்களோடு சென்ற சுமையாளர் அனைவரும், குறைவின்றித் திரும்பினர் என்ற செய்தியைச் செயலாளர் தம் அறிக்கையில் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.